கம்பியில்லா அலாரம்: ரிசீவரை எங்கே, எப்படிப் பொருத்துவது?

கம்பியில்லாப் பாதுகாப்பு அமைப்பில், கட்டடத்தின் பல மூலைகளில் இருக்கும் சென்சார்கள் அனுப்பும் ரேடியோ சிக்னலை வாங்கி, கண்ட்ரோல் பேனலுக்குப் புரியும் தகவலாக மாற்றித் தருவது ரிசீவர். கதவிலும் ஜன்னலிலும் இருக்கும் காந்த சென்சார், அறை மூலையில் ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கும் மோஷன் சென்சார், கூரையில் உள்ள புகை சென்சார், கையில் வைத்துக்கொள்ளும் அவசர பட்டன் எல்லாமே பேசுவது இந்த ஒரு பெட்டியிடம்தான். பார்ப்பதற்குச் சாதாரண பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, ஒன்றோ இரண்டோ ஆன்டெனா, வயர் செருகுவதற்கு நான்கு டெர்மினல். அமைப்பு முழுவதற்கும் காது இதுதான். இதற்குக் கேட்காத எதுவும் பேனலுக்குத் தெரியாது, சைரனும் ஒலிக்காது.

சில அமைப்புகளில் பேனலுக்குள்ளேயே ரிசீவர் சேர்ந்து வருகிறது. ஏற்கெனவே வயர் இழுத்துப் பொருத்திய பேனல் உள்ள கட்டடங்களில் அதைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். கீழ்த்தளத்தில் கடையும் மாடியில் வீடும் உள்ள ஒரு கான்க்ரீட் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்கு மட்டும் பழைய வயர் அலாரம் இருக்கிறது. மாடிக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் காவல் வேண்டுமென்றால், பூசிய சுவரை உடைத்து வயர் இழுக்க வேண்டியதில்லை. பழைய பேனலோடு ஒத்துப்போகும் ரிசீவர் ஒன்றை இணைத்தால், மாடியில் எத்தனை சென்சார் தேவையோ அத்தனையையும் அதன் கொள்ளளவுக்குள் சேர்த்துக்கொள்ளலாம். வாடகைக் கட்டடம், பழமை மாறாமல் காக்க வேண்டிய கட்டடம், ஓவியமோ மரவேலையோ உள்ள சுவர் ஆகியவற்றுக்கும் இதுவே ஏற்ற வழி.

மௌனத்தின் இரண்டு பொருள்

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு அலாரத்துக்கு 1853இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்றார். கதவு திறந்ததும் மின்சுற்று கூடி மணி அடிக்கும் ஏற்பாடு அது. பிற்காலத்தில், எந்நேரமும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும் மூடிய சுற்று வழக்கத்துக்கு வந்தது. அதில் கதவு திறந்தாலும் ஓட்டம் நிற்கும், யாராவது வயரை வெட்டினாலும் ஓட்டம் நிற்கும். இரண்டையும் பேனல் அந்தக் கணமே அறிந்துகொள்ளும்.

கம்பியில்லா அமைப்பில் இந்த வசதி இல்லை. சென்சார் பேட்டரியில் இயங்குவதால் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க அதனால் முடியாது. ஏதாவது நடந்தால் மட்டும், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குச் சிக்னலை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கப் போய்விடும். எனவே சென்சார் மௌனமாக இருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. கதவு மூடியிருக்கலாம், அல்லது கதவு திறந்து, சென்சார் சிக்னல் அனுப்பி, அது வழியிலேயே தேய்ந்து ரிசீவரை எட்டாமல் போயிருக்கலாம். இரண்டாவதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதே ரிசீவர் பொருத்தும் வேலையின் சாரம். இடம் தேர்வதில் தொடங்கி, சிக்னலைப் பாதியாகக் குறைத்துச் சோதிப்பது வரை ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

அலைவரிசையும் சட்டமும்

ரிசீவரும் சென்சாரும் ஒரே அலைவரிசையில், ஒரே மொழியில் பேச வேண்டும். ஒரு நிறுவனத்தின் ரிசீவருக்கு இன்னொரு நிறுவனத்தின் சென்சார் பெரும்பாலும் பொருந்தாது. அலைவரிசை ஒன்றாகவே இருந்தாலும், தகவலை அடுக்கி அனுப்பும் முறை வேறாக இருக்கும்.

அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்படும் அலாரங்களில் 319.5, 345, 433.92 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. ஐரோப்பாவில் 433 மெகாஹெர்ட்ஸும் 868 முதல் 870 வரையிலான பகுதியும் வழக்கம். இந்தியாவில் குறைந்த சக்தியில் கட்டடத்துக்குள் பயன்படும் சாதனங்களுக்கு 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை. 865 முதல் 867 வரையிலான பகுதிக்கு 2005இல் இந்த விலக்கு தரப்பட்டது. 2021இல் அது 868 வரை நீண்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் அலாரம் பெட்டி 345 மெகாஹெர்ட்ஸிலோ 869 மெகாஹெர்ட்ஸிலோ இயங்கினால் அது இந்த வரம்புகளுக்குள் வராது. ரேடியோ சாதனங்களுக்கு வகை ஒப்புதல் வழங்கும் பொறுப்பு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்தது. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட அலைவரிசையையும் ஒப்புதல் விவரத்தையும் விலையைக் கேட்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்னல் வரும் பாதை

433 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒரு சென்சார் வெளியிடும் சக்தி 10 மில்லிவாட் அல்லது அதற்கும் குறைவு. ரிசீவரை வந்து சேரும்போது அது ஒரு மில்லிவாட்டில் பல கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். நல்ல ரிசீவர் அதையும் பிரித்தறியும். ஆனாலும் குறுக்கே எவை நிற்கின்றன என்பது முக்கியம்.

மரக்கதவு, ஜிப்சம் பலகைத் தடுப்பு ஆகியவற்றைச் சிக்னல் எளிதாகக் கடக்கும். செங்கல் சுவர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கம்பி கட்டிய கான்க்ரீட் அதைவிட அதிகம் வாங்கும். தளம், தூண், லிஃப்ட் சுவர் மூன்றும் இந்த வகை. உலோகத் தகடு சிக்னலை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுத்துத் திருப்பிவிடும். ஸ்டீல் பீரோ, கடை ஷட்டர், ஏ.சி. டக்ட், மெயின் ஸ்விட்ச் போர்டு, பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் விரித்த அலுமினியத் தாள் எல்லாம் இதில் சேரும். தண்ணீர் நிறைந்த தொட்டியும் சிக்னலை விழுங்கும்.

சுவரை எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பதும் கணக்கில் வரும். நேர்குத்தாகக் கடந்தால் 23 செ.மீ. சுவர் 23 செ.மீ. மட்டுமே. ஓரமாகச் சாய்ந்து கடந்தால் அதே சுவருக்குள் சிக்னல் அரை மீட்டருக்கு மேல் பயணம் செய்ய நேரிடும். டெசிபல் என்ற அளவில், 10 டெசிபல் இழந்தால் சிக்னல் பத்தில் ஒன்றாகும். 20 டெசிபல் இழந்தால் நூறில் ஒன்றாகும். இழப்புகள் இப்படிப் பெருகுவதால்தான், பெட்டியில் திறந்தவெளிக்கென்று போட்டிருக்கும் தூரத்தை அப்படியே கட்டடத்துக்குள் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. சிக்னல் நேராகவும் வரும், சுவரிலும் உலோகத்திலும் பட்டுத் திரும்பியும் வரும். இரு அலைகளும் ஒரு புள்ளியில் ஒத்துச் சேர்ந்தால் வலுக்கும். எதிரெதிராகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 433 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 69 செ.மீ. அதன் கால் பங்கான 17 செ.மீ. நகர்ந்தாலே, சிக்னல் வலுத்த இடத்திலிருந்து அறவே இல்லாத இடத்துக்குப் போய்விடக்கூடும். ஒரு சாண் தள்ளி வைத்ததும் வேலை செய்யத் தொடங்கிய ரிசீவருக்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். சில ரிசீவர்களில் இரண்டு ஆன்டெனாக்கள் இருப்பதும் இதற்காகவே. ஒன்று செத்த புள்ளியில் மாட்டினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

இடம் தேர்வு

வேலை தொடங்க வேண்டியது ஏணியிலோ டிரில்லிலோ அல்ல, கட்டடத்தின் வரைபடத்தில். சென்சார் வரும் இடங்களையெல்லாம் புள்ளியாகக் குறித்து, ரிசீவருக்கு நினைத்திருக்கும் இடத்துக்கு ஒவ்வொன்றிலிருந்தும் கோடு போட வேண்டும். ஒவ்வொரு கோடும் எத்தனை சுவரை, எத்தனை தளத்தை வெட்டுகிறது, வழியில் பீரோவோ லிஃப்ட்டோ இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால், எந்த சென்சார் தொல்லை தரும் என்பது அப்போதே தெரிந்துவிடும். ரிசீவரின் இடத்தை இரண்டு மூன்று முறை மாற்றிப் போட்டுப் பார்க்க, காகிதத்தில் ஆகும் செலவு ஒன்றுமில்லை.

பொதுவாக, சென்சார்களுக்கு நடுநாயகமாகவும் உயரமாகவும் உள்ள இடமே ஏற்றது. தரையோடு ஒட்டி வைத்தால் மேசை, அலமாரி, ஆட்கள் எல்லாம் குறுக்கே வருவார்கள். மேலே சொன்ன கட்டடத்தில், கடையின் பின்னறையில் பேனல் இருக்கிறது என்பதற்காக ரிசீவரையும் அங்கேயே வைப்பது சுலபம், ஆனால் தவறு. மாடிப்படி வளைவின் மேற்சுவர் சிறந்த இடம். படிக்கட்டுக்காகத் தளத்தில் விட்ட திறப்பு வழியாக இரண்டு மாடிகளின் சிக்னலும் கான்க்ரீட்டைத் துளைக்காமல் அங்கே வந்து சேரும்.

பேனலின் இரும்புப் பெட்டிக்குள் ரிசீவரை வைத்து மூடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வெளியே ஆன்டெனா நீட்டும்படி வடிவமைத்திருந்தால் ஒழிய, இரும்புப் பெட்டிக்குள் போன ரிசீவருக்கு எதுவும் கேட்காது. இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், தரம் குறைந்த எல்.இ.டி. டிரைவர், வைஃபை ரூட்டர், பேனலின் ஜி.எஸ்.எம். ஆன்டெனா ஆகியவற்றின் பக்கத்திலும் வைக்கக் கூடாது. அவை கிளப்பும் மின் இரைச்சலில் தொலைவிலுள்ள சென்சாரின் மெல்லிய சிக்னல் மூழ்கிவிடும்.

கட்டடம் பெரிதாக இருந்தால் இரண்டாவது ரிசீவரையோ, சிக்னலை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் ரிப்பீட்டரையோ சேர்க்கலாம். இரண்டு ரிசீவர்கள் வைத்தால் அவற்றுக்கிடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுவது நல்லது. ஒரே சென்சாரை இரண்டும் கேட்கும்படி அமைத்துவிட்டால், ஒன்று பழுதானாலும் காவல் தளராது.

திருகும் முன் ஒரு சோதனை

நினைத்த இடத்தில் உடனே ஓட்டை போட்டுவிடக் கூடாது. முதலில் ரிசீவரைத் தற்காலிகமாக, இரட்டைப் பக்க டேப்பாலோ ஏணி மேல் வைத்தோ நிறுத்தி, நீளமான வயரால் பேனலோடு இணைத்து, மிகத் தொலைவிலுள்ள இரண்டு மூன்று சென்சார்களை மட்டும் பதிவு செய்து சிக்னல் வலுவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பேனல்கள் இந்த வலுவைக் கீபேடிலோ செல்போன் செயலியிலோ எண்ணாகவோ கோடுகளாகவோ காட்டும். எல்லாக் கதவுகளையும் மூடி, ஷட்டரை இறக்கி, இரவில் கட்டடம் எப்படி இருக்குமோ அந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். பகலில் ஷட்டர் திறந்திருக்கும்போது வந்த சிக்னல், இரவில் ஷட்டர் இறங்கியதும் வராமல் போகலாம்.

வயரிங்கும் மின்சாரமும்

சென்சாருக்கு வயர் தேவையில்லை என்றாலும், ரிசீவரையும் பேனலையும் இணைக்க வயர் உண்டு. பல பேனல்களில் நான்கு வயர்கள்: சிவப்பு 12 வோல்ட் பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ், பச்சையும் மஞ்சளும் தகவல் செல்லும் வயர்கள். கீபேடுக்குப் போகும் அதே டெர்மினல்களில் ரிசீவரையும் இணைப்பது வழக்கம். நிற வழக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம் என்பதால் கையேட்டின் படத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும். பச்சையும் மஞ்சளும் இடம் மாறினால், ரிசீவரின் விளக்கு எரியும். பேனல் மட்டும் அதை அடையாளம் காணாது. விளக்கு எரிகிறதே என்று வேறெங்கோ பழுது தேடிக்கொண்டிருப்பதைவிட, முதலில் இந்த இரண்டு வயர்களைச் சரிபார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வயரைத் தொடுவதற்கு முன் பேனலின் மின் இணைப்பையும் பேட்டரியையும் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் இந்த வயரைச் செலுத்தக் கூடாது. பக்கத்தில் போக நேர்ந்தால் குறைந்தது 30 செ.மீ. தள்ளியும், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகவும் போக வேண்டும். கான்க்ரீட்டில் துளை போடும் முன் உள்ளே மின்குழாய் போகிறதா என்று பார்த்துவிட்டு, ராவல் பிளக் அடித்து இரண்டு திருகாணியில் பெட்டியை நிறுத்தலாம். ஆன்டெனாவை வளைக்கவோ, சுருட்டவோ, பெட்டிக்குள் அடங்கவில்லை என்று வெட்டவோ கூடாது. அதன் நீளம் அலைநீளத்தைக் கணக்கிட்டு வைத்தது. 433 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா சுமார் 17 செ.மீ.; 868க்கு அதில் பாதி.

ரிசீவர் சேர்ந்தால் பேனலின் மின் சுமையும் கூடும். கணக்கு எளிது. பேனல், கீபேட், ரிசீவர், பழைய வயர் சென்சார்கள் எல்லாம் சேர்ந்து 200 மில்லியாம்பியர் எடுத்தால், 24 மணி நேரத்துக்கு 4.8 ஆம்பியர்-மணி தேவை. வழக்கமான 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி அதைத் தாங்கும். சுமை 300 மில்லியாம்பியர் ஆனால் தேவை 7.2 ஆகிவிடும், புதிய பேட்டரிகூட ஒரு நாள் முழுவதும் நிற்காது. நீண்ட மின்வெட்டு உள்ள ஊர்களில் இந்தக் கணக்கைப் போடாமல் ரிசீவரைச் சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அடையாளம்

பேனலோடு இணைந்த கருவிகள் ஒன்றோடொன்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. ரிசீவரின் போர்டில் உள்ள சிறு ஸ்விட்ச்சுகளை மேலும் கீழும் தள்ளி முகவரி அமைக்கும் மாதிரிகள் பல. கீபேடுக்கு ஏற்கெனவே கொடுத்த எண்ணை ரிசீவருக்கும் கொடுத்தால் இரண்டுமே தடுமாறும்.

சென்சார்களுக்கு ஆலையிலேயே பதித்த வரிசை எண் இருக்கும். பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் அலாரம் இருந்தாலும் குழப்பம் வராததற்கு இந்த எண்ணே காரணம். பதிவில் இல்லாத எண்ணிலிருந்து வரும் சிக்னலைப் பேனல் பொருட்படுத்தாது. எண்ணைக் கீபேடில் தட்டியோ, பேனலைக் கற்கும் நிலையில் வைத்துச் சென்சாரை இயக்கியோ, செயலியில் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தோ பதியலாம். பதியும்போதே ஒவ்வொன்றும் எந்த மண்டலம், எந்த வகை என்றும் சொல்ல வேண்டும். வாசற்கதவுக்கு, உள்ளே வந்து எண்ணைத் தட்டச் சில நொடி அவகாசம் தர வேண்டும். ஜன்னலுக்கு அவகாசம் தேவையில்லை. புகை சென்சாரும் அவசர பட்டனும் அலாரத்தை ஆஃப் செய்து வைத்திருக்கும் நேரத்திலும், 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும்.

பாதிச் சத்தத்தில் கேட்கிறதா?

பொருத்தி முடித்த அன்று எல்லாச் சென்சாரும் வேலை செய்வது போதாது. நாளை அந்த வழியில் ஒரு பீரோ வரலாம், சென்சாரின் பேட்டரி தளரலாம், மழையில் சுவர் ஊறலாம். அப்போதும் சிக்னல் வந்து சேர, கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். இதற்காகச் சில பேனல்களில் ஒரு சோதனை நிலை இருக்கிறது. அந்த நிலையில் ரிசீவர் தன் உணர்திறனை வேண்டுமென்றே ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். ஒருவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டே போக, கீபேட் அருகில் நிற்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒலி வருகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நிலையிலும் கேட்கும் சென்சாரை நம்பலாம். கேட்காத சென்சாரை ஒரு சாண் நகர்த்தியோ, திசையைத் திருப்பியோ மறுபடி பார்க்க வேண்டும். பல சென்சார்கள் அடம்பிடித்தால் நகர்த்த வேண்டியது ரிசீவரை.

மோஷன் சென்சாரைச் சோதிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த, ஒருமுறை சிக்னல் அனுப்பிய பின் பல மாதிரிகள் சுமார் மூன்று நிமிடம் மௌனம் காக்கும். அதற்குள் முன்னால் எத்தனை முறை நடந்தாலும் பதில் வராது. இதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. சென்சாரைச் சோதனை நிலையில் வைத்தோ, மூன்று நிமிடம் அறையைவிட்டு விலகி நின்றோ பார்க்க வேண்டும்.

இரும்புக் கதவிலும் கிரில்லிலும் காந்த சென்சார் வைத்தால், காந்தத்தின் வலுவை இரும்பு இழுத்துக்கொள்ளும். சென்சாரின் ரேடியோ சிக்னலும் மங்கும். காந்தம், சென்சார் இரண்டுக்கும் அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து உயர்த்தினால் இந்தச் சிக்கல் தீரும்.

மௌனத்தைக் கண்காணித்தல்

நல்ல அமைப்பில் ஒவ்வொரு சென்சாரும் எதுவும் நடக்காதபோதும் குறித்த இடைவெளியில் தான் உயிரோடு இருப்பதைச் சொல்லிச் சிக்னல் அனுப்பும். சிலவற்றில் இந்த இடைவெளி ஒரு மணி நேரத்துக்கு மேல். சிலவற்றில் சில நிமிடம்தான். குறித்த காலத்துக்குள் சிக்னல் வராவிட்டால் பேனல் அந்தச் சென்சாரின் பெயரைச் சொல்லி எச்சரிக்கும். இந்த வசதியைச் சிலர் தொல்லை என்று அணைத்துவிடுவார்கள். மௌனத்துக்குப் பொருள் சொல்லும் ஒரே வழியை அடைப்பது அது.

வேண்டுமென்றே இரைச்சலைப் பரப்பி ரிசீவரைச் செவிடாக்கும் முயற்சியைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் வசதி, மூடியைத் திறந்தால் கூவும் ஸ்விட்ச் ஆகியவையும் ரிசீவரில் இருக்க வேண்டும். சங்கேதமாக்கம் அதைவிட முக்கியம். 2014இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில், அப்போது விற்பனையில் இருந்த சில வீட்டு அலாரங்களின் சிக்னல்கள் சங்கேதமாக்கப்படாமல் வெளிப்படையாகப் போவதையும், அவற்றை ஒட்டுக்கேட்கவும் முடக்கவும் முடியும் என்பதையும் ஆய்வாளர் லோகன் லேம்ப் எடுத்துக்காட்டினார். புதிதாக வாங்குவோர், சென்சாருக்கும் ரிசீவருக்கும் இடையிலான தொடர்பு சங்கேதமாக்கப்பட்டதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

பராமரிப்பு

சென்சார்களின் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி பயன்பாட்டைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை வரும். தீரப்போவதைச் சென்சாரே முன்கூட்டித் தெரிவிக்கும். பேனலின் 12 வோல்ட் பேட்டரியையும் அதே கால அளவில் மாற்றிவிடுவது நல்லது. மாதம் ஒருமுறை அலாரத்தைச் சோதனை நிலையில் வைத்து எல்லாக் கதவுகளையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையும், அறையில் புதுத் தடுப்போ பெரிய உலோகச் சாமானோ வந்த பிறகும், உணர்திறனைக் குறைக்கும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ரிசீவரின் முகவரி, ஒவ்வொரு சென்சாரின் வரிசை எண், இருக்கும் இடம், பொருத்திய அன்று காட்டிய சிக்னல் வலு, பேட்டரி மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பூட்டிய இடத்தில் வைத்திருந்தால், அடுத்த முறை வரும் டெக்னீஷியன் பழைய அளவோடு புதிய அளவை ஒப்பிட்டு, எந்தச் சென்சார் தளர்ந்து வருகிறது என்பதை அது மௌனமாவதற்கு முன்பே சொல்லிவிடுவார்.